ஜிஆர்இ தாளும் ஆடுபுலி ஆட்டமும்: மென்சாவுக்குள் நான் போன கதை

அறிவுத்திறன் தேர்வில் மிக மேலே வருகிறவர்களுக்கான சங்கம் மென்சா. அதில் சேர நான் பரீட்சை எதுவும் எழுதவில்லை. அமெரிக்காவில் மேற்படிப்புக்காக 1997-ல் எழுதிய ஜிஆர்இ நுழைவுத் தேர்வின் மதிப்பெண் தாளே போதுமாக இருந்தது. இது நிறையப் பேருக்குத் தெரியாது, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1994 மே முதல் 2001 செப்டம்பர் வரை ஜிஆர்இ எழுதியவர்கள், வெர்பல் (மொழி), குவாண்டிடேட்டிவ் (கணக்கு), அனலிட்டிகல் (தர்க்கம்) மூன்றும் சேர்த்து 2400-க்கு 1875 எடுத்திருந்தால் அமெரிக்க மென்சா அதையே தகுதியாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு அப்புறம் எழுதிய ஜிஆர்இ செல்லாது. அப்படி எழுதியவர்கள் மென்சா வைக்கும் தேர்வைக் கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும், இல்லையென்றால் மென்சா ஏற்கிற வேறு ஏதாவது தேர்வு முடிவைக் காட்ட வேண்டும். என்னுடையது 2150. என் வயதில் அமெரிக்காவுக்குப் படிக்க வந்த நம்மூர் ஆட்கள் எத்தனையோ பேர் வீட்டுப் பரணில் அந்தத் தாள் கிடக்கும்.

எதற்காகச் சேர்ந்தேன் என்று கேட்பவர்களுக்கு என் அப்பாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மாயவரத்தில் தபால் ஆபீஸில் வேலை. சாயங்காலம் வந்ததும் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போடுவார். ஒரு குறிப்பைச் சத்தமாகப் படித்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார், அவர் துண்டோடு வெளியே வருவதற்குள் நான் விடை சொல்ல வேண்டும். சொன்னால் பாராட்டெல்லாம் இல்லை, அடுத்த குறிப்பு வரும், அவ்வளவுதான். அவர் போன பிறகு அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. 2021-ல் மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனாள், கணவருக்குத் திங்கள் காலை விமானம் ஏறினால் வியாழன் இரவுதான் வீடு. சிகாகோ பக்கத்தில் நேப்பர்வில்லில் நமக்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை, அரோரா பாலாஜி கோவிலுக்குப் போனால் பத்து பேர் நின்று பேசுவார்கள். பிள்ளைகளின் காலேஜ், வீட்டுக் கடன் வட்டி, யாருக்கு முட்டி வலி. எல்லாரும் நல்லவர்கள், ஆனால் எனக்கு அந்தக் குறிப்பைப் படித்துக் கேட்கிற குரல் வேண்டியிருந்தது.

சரி, தாளுக்கு வருகிறேன். ஜிஆர்இ நடத்துகிறவர்கள் ஐந்து வருடத்துக்கு மேலான மதிப்பெண்களை அனுப்புவதில்லை, ஆகவே கையில் இருக்கும் அசல்தான் கதி. என்னிடம் இல்லை. ஊரில் தம்பியிடம் சொன்னேன், இரண்டு வாரம் தேடவே இல்லை, அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப்பில் படம் அனுப்பினான். அப்பாவின் டிரங்குப் பெட்டியில், எல்ஐசி பாலிசிகளோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் இருந்திருக்கிறது. “அக்கா, பின்பக்கத்தைப் பாரு” என்று இரண்டாவது படம் ஒன்று. பென்சிலில் அப்பா கூட்டியிருக்கிறார், 610, 780, 760, கீழே கோடு போட்டு 2150. கூட்டுத்தொகையைச் சுற்றி ஒரு வட்டம். நான் மதிப்பெண் சொன்ன அன்று “ம், போதும்” என்று மட்டும் சொன்னவர்.

கூரியரில் தாள் வந்தது. நகல் எடுத்து, இது அசலின் நகல்தான் என்று உறுதிமொழி எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, விண்ணப்பத்தோடு அனுப்பினேன். சில வாரங்களில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம். காகித வேலை அத்தனையும் இவ்வளவுதான், பாஸ்போர்ட் புதுப்பிப்பதைவிடச் சுலபம்.

மென்சா என்றால் லத்தீனில் மேசை. 1946-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் ரோலண்ட் பெரில், லான்ஸ்லாட் வேர் என்ற இருவர் ஆரம்பித்தார்கள், அமெரிக்காவில் 1960-ல் புரூக்ளினில் தொடங்கியது. அங்கீகரித்த ஏதாவது ஒரு அறிவுத்திறன் தேர்வில் மேலே உள்ள இரண்டு சதவீதத்தில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஐம்பது பேரில் ஒருவர் என்ற கணக்கு. ஒரு பஸ்ஸில் ஒருத்தராவது இருப்பார், அப்படிப் பார்த்தால் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. சங்கத்துக்கென்று அரசியலிலோ மதத்திலோ எந்தக் கருத்தும் கிடையாது, உறுப்பினர்கள் என்ன வேண்டுமானாலும் சண்டை போடலாம். போடுகிறார்கள்.

சிகாகோ கிளைக்கு ‘சைம்’ என்று ஒரு செய்திமடல் உண்டு. மாத நாட்காட்டியைப் பார்த்தேன். சாப்பாட்டுக் கூட்டம், புத்தகம் பேசுவது, விளையாட்டு இரவு, மியூசியம், யாராவது வந்து சொற்பொழிவு. ஒவ்வொன்றுக்கும் நடத்துபவர் ஒருவர், பெரும்பாலும் ஒரு ரெஸ்டாரண்ட் அல்லது அவரவர் வீடு.

முதலில் போனது சாப்பாட்டுக்கு. பன்னிரண்டு பேர். வரவேற்றார்கள், நாற்காலி இழுத்துப் போட்டார்கள், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார்கள். ஆனால் பேச்சு போகிற விதம் எனக்குப் புதிது. ஒருவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே அடுத்தவர் அதை எடுத்து முடித்துவிடுகிறார், மூன்றாமவர் அதிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ போகிறார், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் வளர்ந்த வீட்டில் பெரியவர் முடித்த பிறகுதான் மற்றவர் வாய் திறக்கலாம். நான் முடியட்டும் முடியட்டும் என்று காத்திருந்தேன், இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவைகூட முடியவில்லை. அடுத்த மாதம் புத்தகக் கூட்டம், அதற்கடுத்து மியூசியம். ஒவ்வொரு முறையும் புது முகங்கள், ஒவ்வொரு முறையும் எங்கிருந்து வருகிறாய் என்பதிலிருந்து ஆரம்பம். நான்காவது மாதம் போகவில்லை.

மியூசியத்தில் பழக்கமான ஒரு அம்மாள், ஓய்வுபெற்ற நர்ஸ், போன் செய்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் போகாதே, ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் அதற்கு மட்டும் வா என்றார். புதிதாகச் சேர்கிற யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்.

நான் பிடித்தது விளையாட்டு இரவு. மாதத்தின் இரண்டாவது வெள்ளி, ஒரு உறுப்பினர் வீட்டு அடித்தளத்தில். லாரி ஓட்டுபவர் ஒருவர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், பியானோ ட்யூன் செய்பவர், என்னைப் போல இரண்டு கம்ப்யூட்டர் ஆட்கள், அந்த நர்ஸ் அம்மாள். எனக்கு முதலில் கைவந்தது செட் என்ற சீட்டாட்டம். 81 சீட்டு, 12 சீட்டை மேசையில் பரப்புவார்கள், அதில் மூன்று சீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். உருவம், நிறம், எண்ணிக்கை, உள்ளே நிரப்பியிருக்கும் விதம் நான்கிலும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் மூன்று சீட்டும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லது மூன்றும் வேறாக இருக்க வேண்டும். கண்டவர் கத்த வேண்டும். நாய்களுக்கு வரும் வலிப்பு நோயை ஆராய்ந்த ஒரு பெண் தன் குறிப்பு அட்டைகளிலிருந்து 1974-ல் உருவாக்கிய ஆட்டமாம். இதில் வரிசை கிடையாது, யார் முடிக்கும்வரையும் காத்திருக்க வேண்டியதில்லை. நான் கத்தினேன். மூன்றாவது மாதம் பேச்சிலும் குறுக்கே பாய ஆரம்பித்திருந்தேன், எனக்கே தெரியாமல்.

அக்டோபரில், உன் ஊர் ஆட்டம் எதையாவது கொண்டு வா என்றார்கள். பீட்சா அட்டைப் பெட்டியின் உள்பக்கத்தில் மார்க்கரால் ஆடுபுலிக் கட்டம் வரைந்தேன், 23 புள்ளி. புளியங்கொட்டைக்கு எங்கே போவது, பதினைந்து காப்பிக் கொட்டை ஆடு, மூன்று பாதாம் பருப்பு புலி. உச்சியில் ஒரு புலி, கீழே இரண்டு. ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்து முடித்த பிறகுதான் அவை நகரலாம், புலி தாண்டி வெட்டும், புலி எங்கும் போக முடியாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்குக் கெலிப்பு. இரண்டு ஆட்டம் முடிந்ததும் கணக்கு வாத்தியார் ஒரு கேள்வி போட்டார். பதினைந்து ஆடும் இறங்குவதற்கு முன்பே புலி வெட்டலாமா? நான் வெட்டலாம் என்றேன். யார் சொன்னது என்றார். எங்கள் வீட்டில் அப்படித்தான். வீட்டு வழக்கம் விதியாகுமா? லாரிக்காரர் என் பக்கம், ட்யூனர் அவர் பக்கம், காப்பிக் கொட்டையை நகர்த்தி நகர்த்தி நாற்பது நிமிடம் வாதம்.

மணி ஒன்பது. ஊரில் காலை ஏழரை. அத்தைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “ஏண்டி, இதுக்கா காலங்கார்த்தால போன் பண்ற? புலிக்குப் பசிக்குதுல்ல, ஆட்டுக்காரன் எண்ணி முடிக்கிற வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்குமா?” மொழிபெயர்த்துச் சொன்னேன். வாத்தியார் கொஞ்ச நேரம் பேசாமல் கட்டத்தையே பார்த்தார், பிறகு “ஏற்றுக்கொள்கிறேன்” என்று சொல்லி அத்தைக்கு நன்றி சொல்லச் சொன்னார். அத்தை, அந்தப் பெரியவர் சாப்பிட்டாரா என்று கேட்டாள்.

அதே மாதக் கடைசியில் ஹாலோவீம். ஹாலோவீன் வார இறுதியில் சிகாகோ கிளை ஒரு ஹோட்டலில் நடத்தும் பெரிய கூடுகை, வேறு மாநிலங்களிலிருந்தும் வருவார்கள். இரவெல்லாம் விளையாட்டு, சொற்பொழிவுகள், சிலேடை வேஷங்கள். பிளாஸ்டிக் கத்தி குத்திய, சீரியல் என்கிற காலை உணவின் பெட்டிகளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு ஒருவர் நின்றார், சீரியல் கில்லராம். கழுத்தில் தொங்கும் பெயர் அட்டையில் ஒரு வண்ணப் பொட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். பச்சை என்றால் கட்டிக்கொள்ளலாம், மஞ்சள் என்றால் கேட்டுவிட்டு, சிவப்பு என்றால் தொட வேண்டாம், நீலம் என்றால் ஜோடி இல்லாதவர் என்று. நான் யோசிக்காமல் சிவப்பு ஒட்டினேன். அதை ஒட்டிய நிமிடம் வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. இருபது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் ஒவ்வொரு பார்ட்டியிலும் கையை நீட்டுவதா, கன்னத்தைக் காட்டுவதா என்று உடம்பு விறைத்து நின்றிருக்கிறேன். இங்கே ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

இந்தக் கூடுகைகளின் அடுப்படி, ஹாஸ்பிடாலிட்டி என்று சொல்லும் அறை. சாப்பாடும் காப்பியும் தீராமல் இருக்கும், எல்லாம் உறுப்பினர்களே செய்வது. சனிக்கிழமை காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் பெயர் கொடுத்தேன். கொண்டைக்கடலை சுண்டல் எடுத்துப்போயிருந்தேன், தேங்காய், மாங்காய் எல்லாம் போட்டு. வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசினால் எனக்கு ஆங்கிலம் தடையின்றி வருகிறது, இதை நான் அங்கேதான் கண்டுபிடித்தேன். தூங்காமல் விளையாடிவிட்டு வந்த ஒருவர் சுண்டலை நின்றுகொண்டே மூன்று தட்டு சாப்பிட்டார். பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்தபோது முப்பது பேருக்காவது என் பெயர் தெரிந்திருந்தது. மத்தியானம் போய்ச் சிவப்பை எடுத்துவிட்டு மஞ்சள் ஒட்டினேன். நர்ஸ் அம்மாள் அட்டையைப் பார்த்தார், முறைப்படி கேட்டார், சரி என்றேன்.

கணவர் உறுப்பினர் இல்லை, விருந்தினராக வரலாம், வருகிறார். வேலையிடத்தில் நான் இதைச் சொல்வதில்லை, சொன்னால் உடனே பேச்சு ஐக்யூ மதிப்பெண்ணைப் பற்றிப் போய்விடுகிறது. அந்த வெள்ளிக்கிழமைகளில் யாரும் யாருடைய மதிப்பெண்ணையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வருகிற மாத விளையாட்டு இரவு எங்கள் வீட்டில். தச்சரிடம் சொல்லி ஆடுபுலிப் பலகை செய்து, பதினைந்து புளியங்கொட்டையும் சேர்த்துத் தம்பி அனுப்பியிருக்கிறான். வாத்தியாரிடம் புதுக் கேள்விகள் ஏழு இருக்கின்றனவாம். அத்தையிடம் சொன்னேன். ஏழு மணிக்கே குளித்துத் தயாராக இருக்கிறேன், வீடியோ கால் போடு என்றாள்.