வெல்டர் பார்க்காத பக்கம்

சுரங்கத்தில் வெல்டிங் வேலையின்போது விபத்து நடந்துவிட்டால், அன்று மாலைக்குள் விசாரணை வெல்டரின் கையுறையிலும் கண்ணாடியிலும் வந்து நின்றுவிடுகிறது. கண்ணில் பொறி, கையில் தீக்காயம், ஈரக் கையுறையால் ஷாக் என்றால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் பலரை ஒரேயடியாகக் கொண்டுபோன விபத்துகளை எடுத்துப் பார்த்தால், எரிந்தது வெல்டர் வேலை செய்த இரும்பு அல்ல, அதைச் சுற்றி யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்தான் என்பது பராமரிப்புப் பிரிவில் இருக்கும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

தென்னாப்பிரிக்காவின் கின்ராஸ் தங்கச் சுரங்கத்தில் 1986 செப்டம்பர் 16 அன்று, நிலத்தடிப் பாதையில் பழுதான தண்டவாளத்தைச் சரிசெய்ய அசிட்டிலீன் வைத்து வெல்டிங் நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்து, சுவரில் தெளிக்கப்பட்டிருந்த பாலியூரித்தேன் நுரையில் பரவியது. 177 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, நுரை கக்கிய நச்சுப் புகை. இந்த நுரை எரிந்தால் என்னவாகும் என்பது அதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே, 1967இல் ஸ்காட்லாந்தின் மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒன்பது பேர் இறந்தபோதே தெரிந்துவிட்டது. தண்டவாளத்தைச் சரிசெய்யக் குனிந்தவரா அந்தச் சுவருக்கு நுரையைத் தேர்ந்தெடுத்தார்?

சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் 2021 ஜனவரி 10 அன்று ஒரு தங்கச் சுரங்கத்தில் நடந்ததும் இதே வகைதான். சுரங்க வாயிலருகே விதிமீறி வெடிமருந்து வைக்கப்பட்டிருந்த நிலையில் அங்கேயே வெல்டிங்கும் கேஸ் கட்டிங்கும் நடந்ததில், சிதறிய உலோகக் கசடு எரியக்கூடிய பொருள்களில் விழுந்து, தீ வெடிமருந்தை எட்டியது. உள்ளே சிக்கிய 22 பேரில் 11 பேர் மட்டுமே உயிருடன் மீட்கப்பட்டனர்.

திறந்தவெளிச் சுரங்கங்களில் இதற்கு இணையான ஆபத்து டம்பர் லாரியின் டயரில் இருக்கிறது. ரிம்மில் விரிசல் என்றால் டயரைக் கழற்றாமலே வெல்டிங்கில் ஒரு தையல் போட்டுவிடலாம் என்று தோன்றும். துருவேறி இறுகிய நட்டை கேஸ் டார்ச்சின் சுடரால் சூடாக்கினால் சுலபமாகக் கழலும் என்பதும் உண்மைதான். அந்தச் சூடு ரிம் வழியாக உள்ளே போய், ரப்பரைச் சிதைத்து, எரியக்கூடிய வாயுவாக மாற்றுகிறது. வாயு உள்ளே இருக்கும் காற்றுடன் கலந்த பின் சுடர் படாமலே டயர் வெடிக்கும். வேலை முடிந்து சற்று நேரம் கழித்தும் வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டால் போதும் என்பது வொர்க்ஷாப்களில் சகஜமான நம்பிக்கை. அது போதாது, ரிம்மிலிருந்து டயர் கழற்றப்பட வேண்டும். வெல்டர் பார்க்கும் பக்கத்தில் இரும்பு மட்டுமே இருப்பதால்தான் இந்த அவசரம் இவ்வளவு இயல்பாக வருகிறது.

கன்வேயர் சட்டத்திலோ, ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்ததற்குச் சரக்கை இறக்கும் டிரான்ஸ்ஃபர் சூட்டிலோ (chute) கட்டிங் செய்யும்போதும் கவனம் தகட்டின் மேல்பக்கத்திலேயே இருக்கும். அடியில் படிந்த நிலக்கரித் தூளும், கிரீஸும், பெல்ட் ரப்பரும் உடனே சுடர்விட்டு எரிவதில்லை, கனன்றுகொண்டிருக்கும். வேலை முடிந்த பின் காவல் இருக்க வேண்டிய நேரத்தை வெல்டிங், கட்டிங் வேலைகளில் தீயைத் தடுப்பதற்கான அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 51பி தரநிலை 2019 பதிப்பில் அரை மணியிலிருந்து ஒரு மணியாக உயர்த்தியது இந்தத் தாமதத்தை எண்ணித்தான். நடைமுறையில் அந்த ஒரு மணி நேரம் ஷிஃப்ட் மாறும் நேரத்தோடு மோதுகிறது. வேலைக்கான அனுமதிப் படிவமான பெர்மிட்டில் வேலை முடிந்ததாகக் கையெழுத்தாகிவிடும், கன்வேயரை ஓட்டச் சொல்லி கன்ட்ரோல் ரூமிலிருந்து அழைப்பு வரும், தீயணைப்பானுடன் நிற்க வேண்டிய ஹெல்பர் அடுத்த வேலைக்கு அனுப்பப்படுவார். பெர்மிட் படிவத்தில் வெல்டரின் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. அவரை அனுப்பிய பொறியாளர் தகட்டின் மறுபக்கத்தைப் போய்ப் பார்த்தாரா என்று கேட்கும் கட்டம் நான் நிரப்பிய படிவங்கள் எதிலும் இல்லை.