பசலைக்கீரை கடைந்த மாதிரி ஒரு மீன் தொட்டி

கொல்லையில் 500 லிட்டர் சிமெண்ட் தொட்டி, அதில் கோல்டு ஃபிஷ். சித்திரை வெயில் ஆரம்பித்ததும் தண்ணீர் பசலைக்கீரை கடைந்த மாதிரி ஆகிவிட்டது, முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. நான் செய்த முட்டாள்தனம், மொத்தத்தையும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பியதுதான். நாலே நாளில் மறுபடி பச்சை! மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா சுவரிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும்தான் குடியிருக்கும், அதை நானே விரட்டியிருக்கிறேன். மாறாமல் தேங்கிய அம்மோனியா, தண்ணீரைப் பச்சையாக்கும் பாசிக்குத் தீனியாகிவிட்டது.

சரி என்று இரண்டு அல்லிச் செடி வைத்தேன், பாதித் தொட்டிக்கு நிழல் வந்தது. வெயில் குறைந்தால் பாசிக்கும் வளர வழி குறைவு. இரையை இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவாக்கினேன் (அம்மா மட்டும் எனக்குத் தெரியாமல் இன்னும் பொரி போடுகிறார்). வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன், அதுவும் டிரம்மில் பிடித்து ஒருநாள் திறந்து வைத்து குளோரின் போன பிறகு. ஸ்பாஞ்சை தொட்டித் தண்ணீரிலேயே அலசுவதோடு சரி. ஆகாயத்தாமரை போடச் சொன்னார்கள், அது வாய்க்காலுக்குத் தப்பினால் ஊரையே மூடிவிடும், வேண்டாம்.

மூன்று வாரம் ஆனது. நேற்று அடியில் கிடந்த ஒரு ரூபாய்க் காசு தெரிந்தது.