கையெழுத்துக்கு முன்

ஜூன் 3, 2025, செவ்வாய்

பத்திரங்கள் வந்துவிட்டன. இரண்டு உயில்கள். நான் நினைவில்லாமல் கிடந்தால் என்ன சிகிச்சை என்று என் இணையன் முடிவெடுக்க ஒரு அதிகாரப் பத்திரம், அவனுக்காக நான் முடிவெடுக்க இன்னொன்று. எங்கள் உறவைத் திருமணமாகப் பதிவு செய்ய நாங்கள் வாழும் சட்டத்தில் வழி இல்லை. நெதர்லாந்தில் 2001இலேயே வழி பிறந்தது, தைவானில் 2019இல், தாய்லாந்தில் இந்த ஜனவரியில். வழி பிறக்காத இடங்களில் இருக்கும் தன்பாலின இணையர்கள் இப்படித் தாள் தாளாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் "நீங்க இவருக்கு யாரு?" என்று கேட்கும்போது "நண்பர்" என்று சொல்லிவிட்டு வெளியே நிற்க வேண்டியதுதான்.

எப்போது கையெழுத்துப் போடலாம் என்று கேட்கிறான். எனக்கு ஐம்பத்தொரு வயது. முப்பதுகளின் தொடக்கத்திலிருந்து அவனோடு வாழ்கிறேன். அப்படியும், கடைசிவரை இவன்தான் என்று எழுத்தில் பார்த்ததும் மனசு கொஞ்சம் நின்றது. பணமோ வீடோ காரணமில்லை. என்ன காரணம் என்று எழுதி எழுதித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜூன் 7, சனி

ராத்திரி தங்கை கூப்பிட்டாள். மகன் கல்லூரிக்குப் போனபிறகு வீட்டில் அவளும் மாப்பிள்ளையும் மட்டும்தான்.

"அண்ணா, அவர்மேல எனக்கு இப்பல்லாம் கோபம்கூட வர்றதில்ல. அதான் பயமா இருக்கு."

மாப்பிள்ளை நல்ல மனிதர். குடி இல்லை, கை நீட்டியதில்லை, சம்பளத்தை மறைத்ததில்லை. குறை என்று சொல்ல எதுவும் இல்லாததே அவளுக்குப் பெரிய சிக்கல். யாரிடம் சொன்னாலும் "உனக்கு என்னடி குறை?" என்றுதான் கேட்பார்கள்.

அப்புறம் கேட்டாள்: "உங்க ரெண்டு பேருக்கும் இதெல்லாம் வராதுல்லண்ணா?"

எல்லாரையும் எதிர்த்துச் சேர்ந்தவர்களின் அன்பு தேயாது என்று நினைக்கிறாள். பலர் அப்படி நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு சின்ன விரிசல் விழுந்தாலும் "அப்பவே சொன்னோம்" என்று சொல்ல ஆள் காத்திருக்கிறது. அந்தப் பயத்தில் எங்களைப் போன்றவர்கள் சந்தேகத்தை நெருங்கிய நண்பர்களிடம்கூடச் சொல்வதில்லை. சொல்லாமலே வைத்திருந்தால் அது உள்ளே வளர்ந்துகொண்டே போகிறது. தங்கையிடம், "வரும்மா. எனக்கு இப்ப வந்திருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

சந்தேகத்தைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். லாவ்னர், கார்னி, பிராட்பரி என்ற உளவியலாளர்கள் மூவரும் 2012இல் வெளியிட்டது. அமெரிக்காவில் புதிதாக மணமான 232 தம்பதிகளிடம், கல்யாணத்துக்கு முன் தயக்கம் வந்ததா என்று கேட்டார்கள். கணவர்களில் 47 சதவீதம், மனைவிகளில் 38 சதவீதம் பேர் வந்தது என்றார்கள். நான்கு ஆண்டுகளில், தயங்கிய பெண்களில் 19 சதவீதம் பேர் விவாகரத்துப் பெற்றிருந்தார்கள். தயங்காத பெண்களில் அது 8 சதவீதம்.

இரட்டிப்புக்கும் மேல். ஆகவே "எல்லாருக்கும் வர்றதுதான், விடு" என்று தட்டிக்கழிப்பது தவறு. அதே சமயம் தயங்கிய பெண்களில் 81 சதவீதம் பேர் அதுவரை விவாகரத்துப் பெறவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்ற அளவில் இதை எடுத்துக்கொள்கிறேன். தீர்ப்பை அதன் கையில் கொடுக்க முடியாது. தவிர, இது புதுமணத் தம்பதிகளின் கணக்கு. இருபது வருடம் போனபிறகு வரும் சந்தேகம் வேறு ஜாதி. யாரென்று தெரியாத ஒருவரைப் பற்றிய சந்தேகம் இல்லை அது. நன்றாகத் தெரிந்த ஒருவரோடு மிச்ச காலமும் இதேதானா என்ற கேள்வி.

ஜூன் 14, சனி

கேரில் ரஸ்பல்ட் என்ற உளவியலாளர் 1980களில் சொன்னது: ஒருவர் உறவில் நீடிப்பதற்கு மூன்று காரணங்கள். அதில் கிடைக்கும் நிறைவு, வெளியே வேறு வழி எப்படி இருக்கிறது என்பது, இதுவரை அதில் போட்ட முதலீடு. இதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது இரண்டாவது. ஐம்பதைத் தாண்டிய தன்பாலீர்ப்பாளருக்கு வெளியே என்ன இருக்கிறது? தனிமையை நினைத்துப் பயந்துகொண்டு அதை நான் அன்பு என்று சொல்லிக்கொள்கிறேனா?

தங்கைக்கு மூன்றாவது காரணம் மலை மாதிரி நிற்கிறது: மகன், வீடு, இரண்டு குடும்பங்கள்.

ஜூன் 17, செவ்வாய்

சண்டை. அவன் பேசாமல் போய்ப் படுத்துவிட்டான். வழக்கம்போல.

ஜூன் 19, வியாழன்

தம்பதி உறவுகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன் கணக்குப்படி தம்பதிகளின் பிணக்குகளில் ஏறத்தாழ 69 சதவீதம் தீராதவை. வருடக்கணக்காக அதே சண்டைதான் திரும்பத் திரும்ப வரும். அவரும் ராபர்ட் லெவன்சனும் ஆண்–ஆண், பெண்–பெண் இணையர்களையும் 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2003இல் எழுதினார்கள். ஆண்–பெண் தம்பதிகளைவிட இவர்கள் பிணக்கை இதமாகத் தொடங்குகிறார்கள், நகைச்சுவை அதிகம், அதட்டி அடக்குவது குறைவு. ஆனால் ஆண் இணையர்களில், பேச்சை எடுத்தவர் ரொம்பக் கடுமையாகப் போய்விட்டால், அடுத்தவரால் அதைச் சரிசெய்வது கடினமாக இருக்கிறது என்றும் கண்டார்கள்.

எங்கள் செவ்வாய்க்கிழமை அப்படியே இதுதான். எடுப்பவன் நான். அடைத்துக்கொள்பவன் அவன்.

ஜூன் 22, ஞாயிறு

அவனிடம் சொன்னேன்.

"எத்தனை நாளா?" என்றான். "உன் ஆபரேஷன் சமயத்துலயும் இருந்ததா?"

"அப்ப இல்ல. எல்லாம் சரியான அப்புறம்தான் வந்தது."

"எனக்கு அப்படி வர்றதே இல்ல. வரலன்னா நான் என்ன பண்ணட்டும்?"

அவனுக்கு வலித்தது. முகத்தில் தெரிந்தது. எனக்கும் லேசாக எதுவும் ஆகிவிடவில்லை. மனம்விட்டுப் பேசினால் உடனே பாரம் இறங்கிவிடும் என்பார்கள். இன்று மதியம் முழுக்க பாரம் அதிகமாகத்தான் ஆனது. சாயங்காலம் அவனே வந்து, "சரி, கையெழுத்தைத் தள்ளிப்போடலாம்" என்றான்.

வேண்டாம் என்று உடனே சொன்னேன். சொன்ன வேகத்தில்தான் எனக்கே புரிந்தது. நினைவிழந்து கிடக்கும்போது என் பக்கத்தில் யார் நிற்க வேண்டும், யார் சொல்வது நடக்க வேண்டும் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. சந்தேகமெல்லாம் அறுபது வயதில் இவனுடைய மௌனத்தோடு நான் சந்தோஷமாக இருப்பேனா என்பதில். இரண்டும் வேறு வேறு கேள்விகள். இத்தனை நாளும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். பத்திரம் கேட்பது முதல் கேள்வியை மட்டும். இரண்டாவதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும், தீராமலும் போகலாம்.

ஜூன் 28, சனி

தங்கையிடம் இதைச் சொன்னேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அவர்தான் வேணும்ணா. ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவர் வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்கள் எத்தனை வரும்! அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்தவர்களின் விவாகரத்து விகிதம் 1990க்கும் 2010க்கும் இடையில் இரட்டிப்பானதாக சூசன் பிரவுன், ஐ-ஃபென் லின் என்ற சமூகவியலாளர்கள் காட்டினார்கள். நல்ல மனிதரைவிட்டு விலகுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு அவளுடைய அந்த ஒரு வரி போதும்.

பிரிந்துவிடு என்று நான் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. அவளை அனுசரித்துப் போகச் சொல்லி ஊரே பிடித்து வைக்கிறது, எங்களை எப்போது பிரிவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. நிதானமாக யோசிக்க இரண்டு பேருக்குமே இடம் தருவதில்லை. அந்த இடத்தையாவது நான் அவளுக்குத் தர வேண்டும். முதலில் மாப்பிள்ளையிடம் பேசு, என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளில் பேசு என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 2, புதன்

கையெழுத்துப் போட்டோம். சாட்சிகளும் போட்டார்கள். தம்பதி ஆலோசகரிடம் போகலாம் என்று கேட்டதற்கு அவன் உடனே சரி சொல்லவில்லை, நேற்றுதான் ஒத்துக்கொண்டான். முதல் சந்திப்பு அடுத்த வாரம்.

தங்கை மாப்பிள்ளையிடம் பேசிவிட்டாள். தனக்கும் நெடுநாளாக அப்படித்தான் இருக்கிறது, சொல்லத் தெரியவில்லை என்றாராம். இந்த வாரக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள், தனியாக. எத்தனை நாள் இருப்பாள் என்று நான் கேட்கவில்லை.