ராணி விழிக்கும் மார்ச்

எங்கள் விலங்கியல் ஆசிரியர் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அடிக்கடி மைதானத்துக்கு அழைத்துப் போவார். கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான் குருவிகளைக் காட்டி, "அது எதைத் துரத்துகிறது என்று முதலில் பாருங்கள்" என்பார். ஐரோப்பாவில் குடியேறிய பிறகுதான் அந்தப் பாடத்தின் அருமை எனக்கு முழுதாக விளங்கியது.

இங்கே வசந்தம் என்றால் எல்லோரும் பூவைச் சொல்வார்கள். நான் தேடுவது பம்பிள்பீ ராணியை. உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த பெரிய தேனீ அது. குளிர் வருமுன் கூட்டமே செத்துப்போகும். கருவுற்ற இளம் ராணி மட்டும் மண்ணுக்குள் தனியே உயிர் பிழைத்துக் கிடக்கும். மார்ச் வெயிலில் வெளியே வந்தாலும் உடனே பறக்க முடியாது. இறக்கையை அசைக்காமலே பறக்கும் தசைகளை நடுக்கி, மார்பைச் சுமார் 30 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிக்கொண்ட பிறகுதான் எழும்பும். குனிந்து பார்த்தால் வயிறு விம்மித் தணிவது நன்றாகத் தெரியும். வில்லோ மரத்தின் மஞ்சள் பூங்கதிரில் தேன் குடித்துத் தெம்பானதும், எலி விட்டுப்போன வளை ஏதாவது கிடைக்குமா என்று தரையை ஒட்டி வளைந்து வளைந்து பறக்கும். கிடைத்தால் அங்கே முட்டையிட்டு, வயிறு படப் படுத்துக் கோழி போல அடைகாக்கும். பூச்சி அடைகாப்பதா! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பட்டாணிக்குருவி ஜனவரியிலேயே பாடத் தொடங்கிவிடும். பகல் நீள்வதுதான் அதற்கு அறிகுறி. ஆனால் அதன் குஞ்சுகளுக்கு வேண்டிய புழுக்கள் ஓக் மரம் தளிர்க்கும்போது வருபவை, அந்தத் தளிரோ வெப்பத்தைப் பார்த்து விடுவது. வசந்தம் சீக்கிரம் சூடானால் புழுக்கள் முந்திக்கொள்ளும். குருவியும் முட்டையிடும் நாளை ஓரளவு முன்னுக்குத் தள்ளும், ஆனாலும் எல்லா இடத்திலும் ஈடுகொடுக்க முடிவதில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு வரும் தகைவிலானுக்கு இங்கே எவ்வளவு சூடு என்று அங்கிருந்தபடி எப்படித் தெரியும்? இதை நினைத்தால் மனசு கனக்கிறது.

வசந்தம் முந்தி வரும் இந்த மாற்றத்தை நாள் சொல்லிக் காட்ட முடிவதே பழைய குறிப்பேடுகளால்தான். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் 1736இல் முதல் தகைவிலான், முதல் குயிலோசை, மரங்கள் தளிர்த்த நாள் என்று எழுதிவைக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் குடும்பத்தார் 1958 வரை தொடர்ந்தார்கள்.

சரி, நம்மில் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் முடியும்வரை வேலியோரத்துப் பழைய புல்லை வெட்டாமல் விடுங்கள். ராணி அங்கேதான் இடம் பார்க்கும்.