ஹாரி டீன் ஸ்டான்டன் படங்களாகப் பார்த்த ஒரு வாரம்

ஜூன் 6

'ஏலியன்' (1979) மறுபடி ஓட விட்டேன். அந்த ஜந்துவுக்காக இல்லை, அமெரிக்க நடிகர் ஸ்டான்டன் போட்ட பிரெட் வேடத்துக்காக. விண்கலத்தில் ரிப்பேர் வேலை பார்க்கும் ஆள், யார் என்ன சொன்னாலும் 'ரைட்' என்பதோடு சரி. பூனையைத் தேடித் தனியாகப் போகிறவன், மேலே சங்கிலிகள் தொங்க, சொட்டும் தண்ணீருக்குக் கீழே நின்று தொப்பியைக் கழற்றி முகத்தை நிமிர்த்திக்கொள்கிறான். வேலை முடிந்த களைப்பு, அவ்வளவுதான். இன்னும் சில நொடிகளில் சாகப்போகிறவன் என்று முகம் காட்டிக்கொடுக்கவே இல்லை.

ஜூன் 7

ஸ்டான்டன் 1926-ல் கென்டக்கியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலில் சமையல்காரர், ஒகினாவா சண்டை நடந்தபோது அங்கே இருந்திருக்கிறார். அப்புறம் பாசடீனா பிளேஹவுஸில் நடிப்புப் பயிற்சி, அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் டிவி வெஸ்டர்ன்களில், அதாவது கௌபாய் தொடர்களில், துண்டு துக்கடா வேடங்கள். இவரோ எம். எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருந்தால் படம் முழு மோசமாக இருக்க வாய்ப்பில்லை என்று விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு விதியே போட்டார். விதிவிலக்கும் உண்டு என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டது வேறு கதை.

ஜூன் 9

'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' (1999). பேச்சுவார்த்தை இல்லாத சகோதரரைப் பார்க்க ஒரு கிழவர் புல்வெட்டும் வண்டியிலேயே அயோவாவிலிருந்து விஸ்கான்சின் வருகிறார். அந்தச் சகோதரர் ஸ்டான்டன், வருவதே கடைசிக் காட்சியில்தான். என்னைப் பார்க்கவா இதில் இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டுவிட்டு வண்டியைப் பார்க்கிறார், கண் கலங்குகிறது, உதடு கோணுகிறது. மொத்தப் படமும் அந்தப் பார்வையை நம்பித்தான் எடுக்கப்பட்டிருக்கிறது, வேறு யாரையாவது போட்டிருந்தால் தேறியிருக்காது.

ஜூன் 11

'பாரிஸ், டெக்சாஸ்' (1984). ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயதில்தான் இப்படி ஒரு கதாநாயக வேடம் கிடைக்கிறது, அதிலும் முதல் அரை மணி நேரம் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை! சிவப்புத் தொப்பியோடு பாலைவனத்தில் நடந்துகொண்டே இருக்கிறார். பிற்பகுதியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி, அவளுக்கு இவர் தெரியமாட்டார், நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, போனில் தங்கள் கதையையே யாரோ ஒருவன் கதை போலச் சொல்கிறார். குரல் உயர்வதே இல்லை. படம் கான் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கப்பனையை வாங்கியது. ஆஸ்கர்காரர்கள் இந்த மனிதரைக் கடைசிவரை ஒருமுறைகூடப் பரிந்துரைக்கவில்லை, இது எனக்கு ஆறாத கோபம்.

ஜூன் 12

நாயகனான பிறகாவது சின்ன வேடம் வேண்டாம் என்றாரா என்றால் அதுவும் இல்லை. 'அவெஞ்சர்ஸ்' (2012) படத்தில் வாட்ச்மேன், மேலிருந்து விழுந்து கிடக்கும் ஹல்க்கிடம் நீ வேற்றுக்கிரகவாசியா என்று சாதாரணமாக விசாரிக்கிறார், 'ஏலியன்' பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். அடுத்து நான் பார்க்கப்போவது 'லக்கி'. 2017 செப்டம்பர் கடைசியில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது, அதற்கு இரண்டு வாரம் முன்புதான் 91 வயதில் இறந்தார். அதில் நண்பராக வரும் இயக்குநர் டேவிட் லிஞ்ச் தன் ஆமை ஓடிப்போனதைச் சொல்லிப் புலம்புவாராம், அதை இவர் எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பார்க்கத்தான் ஆவல்.