மனை போடும் உரிமையை அரசுக்கு விற்றோம்

நியூ ஜெர்சியில் எங்களுக்குச் சொந்தமான நாற்பது ஏக்கர் சொச்சம் பண்ணை நிலத்தை விவசாயப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்த செய்தி பரவியதும், இங்குள்ள தமிழ் நண்பர்கள் பலரும் "அரசாங்கம் உங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டதாமே" என்றுதான் விசாரித்தார்கள். நிலம் எங்கள் பெயரில்தான் இருக்கிறது. கத்தரியும் வெண்டையும் பாகலும் விளைவித்து எடிசன் பக்கத்து இந்தியக் கடைகளுக்கு அனுப்பும் வேலையும் முன்போலவே நடக்கிறது. 1983-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி நடக்கும் இத்திட்டத்தில், அந்த மண்ணில் வீடுகள் கட்டி விற்கும் உரிமையை மட்டும் அரசு பணம் கொடுத்து வாங்கி, இனி அங்கே விவசாயம்தான் என்று என்றென்றைக்குமாகப் பத்திரத்தில் ஏற்றிவிடுகிறது. திட்டத்தை நடத்தும் மாநிலக் குழு சில பண்ணைகளை முழுக் கிரயத்துக்கே வாங்கி, இதே கட்டுப்பாட்டை விதித்துப் பொது ஏலத்தில் மறுபடி விற்பதும் உண்டு. விவசாயத்தை விட்டு விலக நினைப்பவர்களுக்கு அது ஏற்ற வழி. நாங்கள் விலக நினைக்கவில்லை.

விண்ணப்பத்தைக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) விவசாய வாரியத்தில் கொடுத்தோம். மண்ணின் தரம், உழக்கூடிய பரப்பு, எல்லையை ஒட்டி என்ன இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட பண்ணைகள் எத்தனை என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். எங்கள் நிலத்தின் ஒரு பக்கம் ஏற்கெனவே திட்டத்தில் சேர்ந்த பண்ணை இருந்தது பெரிய உதவி. பணத்தில் பெரும்பங்கை மாநிலம் தர, மீதியைக் கவுண்டியும் உள்ளூராட்சியும் பகிர்ந்துகொள்கின்றன. 1998-இல் இம்மாநில வாக்காளர்கள் விற்பனை வரியிலிருந்து ஆண்டுதோறும் 9.8 கோடி டாலரை நிலப் பாதுகாப்புக்கு ஒதுக்க ஒப்புதல் அளித்தார்கள் என்பதையும், பல ஊர்களில் மக்கள் இதற்காகத் தங்கள் சொத்து வரியோடு கூடுதலாகச் சில சென்ட்டுகளைச் சேர்த்துக்கொள்ள வாக்களித்திருக்கிறார்கள் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். நம் ஊரில் எந்தக் கட்சி இப்படிக் கேட்டுவிட்டு ஓட்டு வாங்கும் என்று தெரியவில்லை.

விலை நிர்ணயம் பலருக்கும் குழப்பம் தரும் கட்டம். ஒருவரையொருவர் சாராத இரண்டு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே வந்து பார்க்கிறார்கள். மனை போட அனுமதி உள்ள நிலமாக இதன் சந்தை விலை என்ன, விவசாயம் மட்டுமே செய்யலாம் என்ற நிபந்தனையோடு விற்றால் என்ன என்று இரண்டு விலைகளைக் கணிக்கிறார்கள். அந்த வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் தொகை. பேச்சுக்கு, ஏக்கருக்கு முதல் விலை 20,000 டாலர், இரண்டாவது 8,000 என்றால், கைக்கு வருவது 12,000. ஆகவே ஒரு பில்டர் சொன்ன விலையை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தத் தொகையைக் குறைவு என்று சொல்வது சரியான கணக்கல்ல, ஏனென்றால் பில்டரிடம் விற்றால் நிலமும் போய்விடும். சதுப்பாக இருக்கும் பகுதியும், கழிவுநீர்த் தொட்டிக்கு மண் ஒத்துவராத பகுதியும் முதல் விலையைக் குறைத்துவிடும். எங்கள் நிலத்தின் தாழ்வான கடைக்கோடி ஓரம் அப்படித்தான் அடிபட்டது.

மதிப்பீட்டாளர்கள் வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது விலக்குப் பகுதி. வீடு, கொட்டகை, பின்னாளில் கட்ட நினைக்கும் கட்டடம் ஆகியவற்றுக்காக ஓர் இடத்தைக் கட்டுப்பாட்டுக்கு வெளியே நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பணம் கிடையாது. அந்த இடத்தைத் தனியே பிரித்து விற்கும்படியும் வைக்கலாம், பண்ணையோடு பிரியாமல் இருக்கும்படியும் வைக்கலாம். பத்திரம் பதிவான பிறகு அதன் எல்லையை மாற்ற முடியாது என்பதால், எங்கள் வீட்டில் நீண்ட நாள் பேச்சு இதைப் பற்றியே இருந்தது. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். ஊரில் என்றால் வரப்பு போட்டு ஆளுக்குப் பாதி என்று பாகம் பிரித்துவிடலாம். இங்கே பாதுகாக்கப்பட்ட பண்ணையைத் துண்டாக்க வேண்டுமென்றால் கவுண்டி வாரியமும் மாநிலக் குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டும் தனித்து நின்று விவசாயம் நடத்தத் தக்கது என்று காட்டவும் வேண்டும். எங்கள் அளவு நிலத்துக்கு அது நடக்கிற காரியமல்ல. "பெரியவளுக்கு மண், சின்னவனுக்குப் பணம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு மனத்தாங்கல் வேண்டாம்" என்றாள் என் மனைவி. அவள் சொன்னபடியே இருவரையும் உட்கார வைத்துப் பேசிய பிறகே வரைபடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பழைய கொட்டகையில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் குளிர்காலத்தில் தம் படகுகளை நிறுத்தி வாடகை தருவார். விவசாயம் அல்லாத இத்தகைய பயன்பாடு விண்ணப்பிக்கும்போது இருந்தால், அதைப் பத்திரத்தின் இணைப்பில் எழுதிவிட வேண்டும். எழுதாத பயன்பாட்டுக்குப் பின்னர் இடமில்லை, எழுதியதை விரிவாக்கவும் முடியாது. வாரிய அலுவலர் டேப் பிடித்துப் படகுகள் நின்ற இடத்தைச் சதுர அடிக் கணக்கில் குறித்துக்கொண்டார். வேடிக்கையாகத் தோன்றினாலும், இதைச் சொல்லாமல் விட்டு விடாதீர்கள்.

அதன்பின் சர்வே, வில்லங்கம் பார்ப்பது, வங்கியின் சம்மதம். நிலத்தின் மீது கடன் இருந்தால், வங்கி தன் உரிமையை இந்தக் கட்டுப்பாட்டுக்குக் கீழ்ப்படுத்தி, அதாவது கடனுக்காக நிலத்தை எடுத்துக்கொண்டாலும் கட்டுப்பாடு நீடிக்கும் என்று, எழுதித் தர வேண்டும், இல்லையேல் வரும் பணத்தில் கடனை அடைக்க வேண்டும். எங்கள் வங்கியில் இந்தக் காகிதம் எந்தப் பிரிவின் வேலை என்றே யாருக்கும் தெரியவில்லை. மற்ற எல்லாம் முடிந்து இதற்காகவே மாதக்கணக்கில் காத்திருந்தோம். விண்ணப்பிக்கும் அன்றே வங்கிக்கும் கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. கடைசியில் சர்வேயில் வந்த பரப்புக்கே பணம் தருகிறார்கள், வரிச்சீட்டில் உள்ள பரப்புக்கு அல்ல.

சொத்து வரி இதனால் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி விவசாய நிலத்துக்கு ஏற்கெனவே குறைந்த மதிப்பீடுதான். பொதுமக்கள் உள்ளே வந்து உலாவுவார்களோ என்ற பயமும் தேவையில்லை, அந்த உரிமை யாருக்கும் போகவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அலுவலர் வந்து மண்ணை அள்ளி விற்றிருக்கிறோமா, குப்பை கொட்டியிருக்கிறோமா, அனுமதியில்லாத கட்டடம் எழும்பியிருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார். நாளை நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். வாங்குபவரும் இதே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர்.