பித்தளைக் கச்சேரிக்கு நேரம் குறிப்பது

டிரம்பெட் இரண்டு, ஹார்ன், டிராம்போன், டியூபா என்று, உதட்டை அதிரவைத்து ஊதும் பித்தளை வாத்தியங்களின் ஐவர் குழு. நிகழ்ச்சி நிரல் போடும்போது படைப்புகளின் நிமிடங்களைக் கூட்டிப் பார்ப்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். யாருடைய உதடு எத்தனை நிமிடம் உழைக்கிறது என்று ஆளுக்கொரு வரிசை போட்டுத் தனியாகவும் கூட்ட வேண்டும். வயலின்காரரின் கை சோர்ந்தால் வாசிப்பு மங்கும், அவ்வளவுதான். டிரம்பெட்காரரின் உதடு தளர்ந்துவிட்டாலோ மேல் ஸ்வரம் வரவே வராது.

பியானோ, வயலினோடு ஒரு மாலை நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்வோம். ஹார்ன், வயலின், பியானோ மூன்றுக்குமான ப்ராம்ஸின் ஹார்ன் ட்ரியோ சுமார் 30 நிமிடம். மால்கம் ஆர்னல்ட் 1961இல் எழுதிய, ஐவரும் சேர்ந்து வாசிக்கும் குவின்டெட் 13. டிரம்பெட், ஹார்ன், டிராம்போன் மூன்றுக்கும் பூலாங்க் எழுதிய சொனாட்டா 9. டியூபாவுக்கும் பியானோவுக்குமான ஹிண்டமித்தின் டியூபா சொனாட்டா 11. மொத்தம் 63 நிமிடம், காகிதத்தில் அழகுதான். வரிசை போட்டுப் பார்த்தால் முதல் டிரம்பெட்டுக்கு 22, டியூபாவுக்கு 24, ஹார்னுக்கு மட்டும் 52! ஆர்னல்டை முடித்த கையோடு ப்ராம்ஸைத் தொடங்கினால், மூன்றாம் பகுதியின் மெதுவான, நீண்ட ஸ்வரங்களில் ஹார்ன் பிசிறடிக்கும். நாகஸ்வரக்காரருக்குத் தவில் தனி வருவதுபோல் இவருக்கு இளைப்பாற இடமில்லை. நிரல்தான் அதைத் தர வேண்டும்.

ஆகவே பூலாங்க், டியூபா சொனாட்டா, ஆர்னல்ட், 20 நிமிட இடைவேளை, கடைசியில் ப்ராம்ஸ். டியூபா வாசிக்கும் 11 நிமிடமும் மற்ற நால்வருக்கும் ஓய்வு. டியூபாக்காரர் மட்டும் அடுத்தடுத்து இரண்டை வாசிக்க வேண்டும். அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை. பியானோவை முதலிலிருந்தே மேடையில், மூடியைச் சாத்தி, பின்னால் நிறுத்திவிட்டால் இடமாற்றம் 3 நிமிடத்தில் முடியும். பகுதிகளுக்கு இடையே குழாயில் சேர்ந்த நீரை வடிக்க அரை நிமிடம் விடுங்கள். விடாவிட்டால் மெல்லிய இடத்தில் களகளவென்று கேட்கும்.

இன்னொரு கணக்கு குளிர். இங்கிலாந்தில் இத்தகைய நிகழ்ச்சிகள் பல கல் தேவாலயங்களில் நடக்கின்றன. குழாய்க்குள் உள்ள காற்று 1 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் இறங்கும் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). 5 டிகிரிக்கு 15 சென்ட். பியானோ அப்படி இறங்காது என்பதால் முரண் பளிச்சென்று தெரியும். காத்திருப்பவர் வாத்தியத்தை மடியில் வைத்தபடி, தன் முறை வந்து வாசிக்கத் தொடங்கும் முன் சத்தமின்றி மூச்சை ஊதிச் சூடேற்றுவது இதற்காகத்தான். ஒத்திகை முடிந்ததும் ஹீட்டரை அணைத்துவிடும் காவலாளியிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

7.30க்கு நிகழ்ச்சி என்றால் மேடை ஒத்திகை 2.30க்குத் தொடங்கி 4 மணிக்கு முடிய வேண்டும். தொடக்கங்கள், வேகம் மாறும் இடங்கள், ம்யூட் (ஒலியை மாற்ற வாத்தியத்தின் முனையில் செருகும் அடைப்பு) மாற்றும் இடங்கள் போதும். உச்ச ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கலாம். "ஒருமுறை முழுதாகப் போய்விடலாமே" என்று பியானோக்காரர் கேட்பார். மறுத்துவிடுங்கள். உப்பு குறைந்த உணவு 5 மணிக்கு. உப்பு கூடினால் உதடு தடிக்கும். 6.50க்கு 15 நிமிடம் மட்டும் சூடுபிடிக்க வாசிப்பது.

நிரலை ப்ராம்ஸில் முடிப்பதால், ரசிகர்கள் எவ்வளவு தட்டினாலும் ஐவரும் சேர்ந்து உபரியாக ஒன்று வாசிக்க முடியாது. நால்வர் முக்கால் மணி நேரமாக வாத்தியத்தைத் தொடவில்லை, ஐந்தாமவருக்கு உதடு இல்லை.